ஒரு கைச் சிவப்பு

புருஷனைக் குழியிலிருந்து நிரந்தரமாக மேலே ஏற்றிவைக்க என்ன விலை ஆகும் என்று எங்கள் தெருவில் ஒருத்தி கணக்குப் போட்டு வைத்திருந்தாள். நாளுக்கு இரண்டு மூட்டை இறால் ஓடு. அவள் இதைச் சொன்னபோது நான் அவளுக்குக் காஸ்டிக் சோடா நிறுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு எந்த விலையைக் கேட்டாலும் முதலில் முகம் சுளிக்கும், அப்புறம்தான் காது கேட்கும்.

“ஜாஸ்தியா இருக்கேம்மா” என்றேன்.

“குறைச்சுத் தர்ற கடை இருந்தா சொல்லுங்கண்ணே. அங்கயே வாங்கிக்கறேன்.”

“ரெண்டு மூட்டை ஓட்டுக்கு ஒரு புருஷனா? பழசுக்குக் கட்டுப்படியாகாதே.”

“பழசுதான். ஆனா பழகினதாச்சே” என்று சொல்லிவிட்டு, தராசு முள் நடுவுக்கு வருகிறதா என்று குனிந்து பார்த்தாள்.

அவளுடைய வீட்டுக்காரரைத் தெரு குழிக்காரர் என்றுதான் அழைக்கும். சாயப்பட்டறை, நூலுக்குக் கஞ்சி போடுகிற மில், குடியிருப்பு என்று எங்கே கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டாலும், இரும்பு மூடியைக் கொக்கியால் புரட்டி, இடுப்பில் கயிறு கட்டி உள்ளே இறங்கி, வண்டலை வாளி வாளியாக ஏற்றி அனுப்புவது அவர் தொழில். ஆள் வாட்டசாட்டம். மேலே நின்றால் தலை குனிந்து பேசுவார், குழிக்குள் இறங்கினால் பாடுவார். போன மழைக்காலத்தில் ஒரு குடியிருப்புத் தொட்டியில் பாட்டு பாதியில் நின்றுபோய், மயங்கியவரை இழுத்துப் போட்டார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்து, மிச்சக் கூலியைக் கேட்டாராம். தெரு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அன்றைக்குப் போட ஆரம்பித்த கணக்குதான் அது.

கணக்கு இப்படி. தெருவின் மேல்முனையில் ஒரு சாயப்பட்டறை. மாசு பார்க்கிற அதிகாரி வந்து, வெளியே விடுகிற தண்ணீரில் நிறம் இருந்தால் கதவுக்குப் பூட்டு என்று முதலாளிக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். முதலாளி கல்லூரியிலிருந்து ஒரு ரசாயன மேடத்தைக் கூட்டி வந்தார். மெலிந்த பெண், ஸ்கூட்டரில் வருவார், துணிப்பையில் எப்போதும் சீசாக்கள் கிணுகிணுக்கும். இறால் ஓட்டிலிருந்து ஒரு சரக்கு எடுக்கலாம், அதை உருண்டை உருண்டையாகத் தண்ணீரில் போட்டால் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றார் மேடம். எங்கள் தெருவில் இறால் ஓட்டுக்குப் பஞ்சமே இல்லை. குழிக்காரரின் அக்கா இறால் உரிக்கிற கொட்டகையில் வேலை செய்கிறவள். ஓட்டை மூட்டையில் கொண்டுவந்து முற்றத்தில் காயப்போட்டு, கோழித் தீவனத்துக்கு விற்பாள். மேடம் ஒரு நாள் அந்த நாற்றத்தைப் பிடித்துக்கொண்டே அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நாற்றத்தைத் தேடி வந்த ஒரே விருந்தாளி அவர்தான்.

முதலாளி ஒரு வாக்குக் கொடுத்தார். “முழுத் தொட்டி தெளியட்டும். பட்டறைக்குள்ளயே ஒரு கொட்டகை போட்டுத் தர்றேன். மாசச் சம்பளம், ரெண்டு ஆளுக்கு. ஒண்ணு நீ. இன்னொண்ணு நீ யாரைச் சொல்றியோ அவன்.” அவள் யாரைச் சொல்லுவாள் என்று தெருநாய்க்குக்கூடத் தெரியும்.

என் கிடங்கின் பின்சுவரும் அவர்கள் முற்றத்துச் சுவரும் ஒன்றுதான். சுவருக்குக் காது உண்டோ இல்லையோ, எனக்கு உண்டு. காலையில் ஓட்டை அலசுகிற சத்தம். பிறகு ஆசிட் கலந்த தண்ணீரில் கொட்டுவாள், ஓட்டிலிருக்கிற சுண்ணாம்பு சோடா பாட்டில் மாதிரி நுரைத்துப் பொங்கும். நுரை அடங்கியதும் அலசி, என்னிடம் வாங்கின காஸ்டிக்கில் போட்டு அடுப்பில் கொதிக்கவிடுவாள். அந்த ஆவி சுவர் தாண்டி வந்து என் சிட்டைத் தாள்களைச் சுருட்டிவிடும். கடைசியில் மிஞ்சுவது வெள்ளைச் செதில், கைக்குக் காகிதம்போல இருக்கும். அதைப் புளித்த காடியில் ஊறவைத்தால் பசை. பசையைத் துளைபோட்ட டப்பாவில் ஊற்றி, சொட்டுச் சொட்டாகக் காஸ்டிக் தண்ணீரில் விழவிட்டால் ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்திலேயே உருண்டையாகிவிடும். பார்க்க ஜவ்வரிசி. தெரு அவளுக்கு ஜவ்வரிசிக்காரி என்று பெயர் வைத்தது. விரல் நுனி எல்லாம் வெந்து தோல் உரிந்து, பால்பண்ணைக்காரி கை மாதிரி வெளுத்துப் போனது.

முதல் சோதனை அன்று பட்டறை வாசலில் கூட்டம். மேடம் சொன்னபடி பட்டறை மேஸ்திரி தொட்டியில் கொஞ்சம் ஆசிட் ஊற்றினார். தண்ணீர் புளிப்பாக இருந்தால்தான் உருண்டை சாயத்தைப் பிடிக்குமாம். அவள் தன் உருண்டைகளைக் கொட்டினாள். சாயத்தைப் பிடிக்க வேண்டிய உருண்டை, புளிப்பைக் கண்டதும் தானே கரைந்து, தொட்டி முழுக்கச் சிவப்புக் கஞ்சி ஆனது.

முதலாளி ஒரு குச்சியால் அதைத் தூக்கிப் பார்த்தார். கஞ்சி நூலாக இறங்கியது. “கஞ்சிதான் வேணும்னா பக்கத்து மில்லுல வாங்கியிருப்பேனேம்மா. அவன் வெள்ளையாவே தருவான்” என்றார்.

மேடத்துக்கு முகம் வாடவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து அவளுக்கு விளக்கினார். “தனித்தனியா நிக்கிற ஆளுங்களைத் தள்ளினா கலைஞ்சு போயிடுவாங்க. ஒருத்தர் கையை ஒருத்தர் கோத்துக்கிட்டா தள்ள முடியாது. உருண்டைக்குள்ள அப்படிக் கைகோத்து விடணும். அதுக்கு ஒரு மருந்து இருக்கு.” மருந்து வந்தது. மூடியைத் திறந்தாலே கண்ணில் நீர் கொட்டும். உருண்டைகளை அதில் ஊறவைத்து எடுத்தால் மஞ்சள் ஏறி, பல்லுக்கிடையில் வைத்தாலும் நசுங்காத கெட்டி. இரண்டாவது சோதனையில் உருண்டை கரையவில்லை. போதாமல் போயிற்று. மேலே நின்ற தண்ணீர் கொஞ்சம் வெளிறியது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் சாப்பாடு நடந்தது. சோறும் முட்டையும்.

“என்ன, ஜவ்வரிசி இன்னும் வேகலையா?” இது குழிக்காரர்.

“சிரிங்க. மூட்டையைக் கூட்டினா வெந்துடும்னு மேடம் சொல்லியிருக்காங்க.”

“மூட்டைக்கு நான் எங்கடி போவேன்?” என்றாள் அக்கா. “இருக்கிற ஓடெல்லாம் இங்கதான் வருது. என் கோழிக்காரன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறான்.”

“ஒரு வாரம் கொடுங்க அண்ணி. ஒரே வாரம். அப்புறம் உங்க தம்பி கழுத்துவரைக்கும் சட்டைப் பொத்தான் போட்டுக்கிட்டு, மேல நின்னு வேலை பார்ப்பாரு.”

“எனக்குப் பொத்தான் போட்டா மூச்சு முட்டும்.”

“குழிக்குள்ள முட்டாதது பொத்தானுக்கு முட்டுதோ?”

“அங்க பாட்டு இருக்குல்ல” என்றார் அவர். அக்காகூடச் சிரித்துவிட்டாள். பிறகு குழிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “கிடைச்சா சந்தோஷம்தான். நீ அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே, கிடைக்காட்டி உடைஞ்சு போயிடுவே. அதுதான் எனக்குப் பயம்” என்றார்.

எங்கள் தெருச் சாக்கடையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பட்டறையில் கிளம்பித் தெருவின் ஓரமாகத் திறந்தே ஓடி வந்து, கீழ்முனையில் இஸ்திரிக் கடைக்கு முன்னால் இருக்கிற மூடி போட்ட குழியில் விழும். அங்கே வண்டல் தங்க, தண்ணீர் மட்டும் கால்வாய்க்குப் போகும். எங்களுக்கு நாள்காட்டி, செய்தித்தாள், சங்கு எல்லாமே அந்தச் சாக்கடைதான். நீலம் ஓடினால் பள்ளிச் சீருடை ஆர்டர், கூலிக்கு ஆள் எடுப்பார்கள். மஞ்சள் ஓடினால் சின்ன ஆர்டர், போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிறமில்லாமல் ஓடினால் பட்டறை மூடியிருக்கிறது. வருவது கஞ்சி மில்லின் ஆறின தண்ணீர் மட்டும். புகையை வைத்துச் சொல்ல முடியாது, இரண்டுக்கும் ஒரே பாய்லர். சத்தத்தை வைத்தும் முடியாது, மில்லின் இரைச்சல் எப்போதும் உண்டு. நிறம் ஒன்றுதான் பொய் சொல்லாத சரக்கு. நிறமில்லாத நாளில் பெண்கள் அந்தத் தண்ணீரை மொண்டு வாசல் கழுவுவார்கள், இஸ்திரிக் கடைக்காரர் தகரக் கூரைமேல் சாக்கை நனைத்துப் போடுவார், குழிக்காரர் இரும்பு மூடியைத் திறப்பார். நிறம் ஓடும்போது அவர் அந்த மூடியைத் தொட்டதே இல்லை. பட்டறைக்காரன் எந்த நேரம் கொதிக்கிற தண்ணீரைத் திறந்துவிடுவான் என்று யாருக்குத் தெரியும்? இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தெருவில் பிறந்த குழந்தைக்கே தெரிந்த விஷயம்.

நோட்டீஸ் வந்த பிறகு முதலாளி பூட்டு விழுவதற்குள் முடிந்ததை முடித்துவிட வேண்டும் என்று பட்டறையை ஓய்வில்லாமல் ஓட்டினார். சாக்கடையில் நிறம் நிற்கவே இல்லை. குழி நிரம்பி, இஸ்திரிக் கடை வாசலில் வண்டல் வழிந்தது. இஸ்திரிக் கடைக்காரர் பார்க்கிறவரிடமெல்லாம் புலம்பினார். “துவைச்ச துணியைக் கொடுத்தா நான் அழுக்காக்கித் தர்றேனாம். வாடிக்கையெல்லாம் போகுது. இந்தக் குழிக்காரனைக் கேட்டா, தண்ணி தெளியட்டும்கறான். இது எந்தக் காலத்துல தெளியறது?”

குழிக்காரர் ஊரின் மறுகோடியில் ஒரு பெரிய குடியிருப்பில் வேலைக்குப் போயிருந்தார். அங்கேயே தங்கி வேலை, வாரக் கடைசிக்குத்தான் திரும்புவதாகச் சொல்லியிருந்தார். வேலை முன்னாலேயே முடிந்துவிட்டது.

பட்டறைக்குள் நடந்தது பிறகு மேஸ்திரி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதிகாரி மறுநாள் வருகிறார் என்று காலையில் முதலாளிக்குத் தகவல் வந்ததாம். தொட்டியில் கிடந்தது கருப்பு. கருப்புக்கு நல்ல விலை, அதனால் முந்தின நாள்தான் அந்த ஆர்டரை எடுத்திருந்தார். மேடம் தன் சீசாக்களில் சோதித்துப் பார்த்ததெல்லாம் சிவப்பு, நீலம், மஞ்சள். அன்று அவருக்குக் கல்லூரியில் பரீட்சை.

“மேடம் வர்றவரைக்கும் நிறுத்திவைக்கலாமாய்யா?” என்று மேஸ்திரி கேட்டிருக்கிறார்.

“அவங்க பரீட்சை முடியட்டும். நம்ம பரீட்சை நாளைக்கு. சிவப்பைப் பிடிக்கிறது கருப்பை விட்டுடுமா? ஜவ்வரிசியைக் கூப்பிடு.”

அவள் வீட்டில் இருந்த உருண்டை முழுவதையும் சாக்குச் சாக்காக வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். அக்கா உரிக்கிற கொட்டகைக்குப் போயிருந்தாள். அதனால் இவள் கதவைப் பூட்டிச் சாவியை உத்தரத்தில் செருகிவிட்டுப் போனாள். மேஸ்திரி வழக்கம்போல ஆசிட்டை ஊற்றினார். கருப்புக்குக் கொஞ்சம் கூடவே வேண்டும் என்று முதலாளி இன்னொரு கேன் ஊற்றச் சொன்னார். கருப்புச் சாயத்தில் சேருகிற ஒரு சரக்கு உண்டு, பட்டறையில் அதற்கு முட்டைச் சரக்கு என்று பெயர். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். ஆசிட் விழுந்ததும் அந்த நாற்றம் தொட்டியிலிருந்து சுவர்போல எழுந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள். ஒருவர் வாந்தி எடுத்தார். “கருப்புன்னா அப்படித்தான்” என்றார் முதலாளி. திறந்த தொட்டி, நல்ல காற்று. நாற்றத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது.

அவள் மூக்கைப் பொத்தவில்லை. இறால் ஓட்டோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு நாற்றம் என்ன நாற்றம். உருண்டைகளைக் கொட்டி, துடுப்பால் கிளறிக்கொண்டே இருந்தாள். மஞ்சள் உருண்டை பழுப்பாகி, பழுப்பு கருத்து, கடைசியில் மிளகு மாதிரி ஆயிற்று. தொட்டியின் நடுவில் முதலில் ஒரு வெளிச்சம். அப்புறம் அடியில் கிடந்த செங்கல்லின் விளிம்பு தெரிந்தது.

மேஸ்திரி மதகைத் திறந்து கண்ணாடித் தம்ளரில் பிடித்தார். தம்ளருக்குப் பின்னால் நோட்டீஸைப் பிடித்து எழுத்தைப் படித்தார். “கையெழுத்துகூடத் தெரியுதுய்யா.”

“அந்தக் கையெழுத்தையா முதல்ல படிக்கிறே?” என்று முதலாளி சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் துடுப்பைக் கீழே வைக்காமலேயே கேட்டாள். “அப்போ கொட்டகை?”

“கொட்டகையும் உண்டு, ஆளும் உண்டு. உன் வீட்டுக்காரனை வரச்சொல்லு.”

“அவர் வெளிய வேலைக்குப் போயிருக்காரு. வாரக் கடைசியில வருவாரு.”

“வந்ததும் வரட்டும். அந்தக் கொக்கியைத் தூக்கிப் போட்டுட்டு வரச் சொல்லு.”

அந்த நேரத்தில் நான் கடையில் ஒரு வாடிக்கையாளருடன் விலை பேசிக்கொண்டிருந்தேன். சாக்கடையில் தண்ணீர் தெளிந்து வருவதைத் தெருவே பார்த்தது. எதிர்வீட்டில் வாசலுக்குத் தண்ணீர் மொள்ள வாளி வந்துவிட்டது. இஸ்திரிக் கடைக்காரர் சாக்கை நனைத்துக்கொண்டிருந்தார். முட்டை நாற்றம் இருக்கத்தான் செய்தது. எங்கள் தெருவில் எந்த நாளில் நாற்றம் இல்லை? எங்களுக்கு அது ஒரு செய்தியே அல்ல.

குழிக்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கி, தோளில் கயிறும் கையில் கொக்கியுமாக வந்தார். வீட்டுக் கதவில் பூட்டைப் பார்த்துவிட்டு, ஓடு வாங்கப் போயிருப்பாள் என்று நினைத்தவர்போல இந்தப் பக்கம் திரும்பினார்.

“என்னப்பா, பட்டறையை மூடிட்டானா?”

“தண்ணியைப் பாரேன்” என்றார் இஸ்திரிக் கடைக்காரர். “கண்ணாடி மாதிரி வருது. அதிகாரி வந்து பூட்டிட்டான் போலிருக்கு.”

குழிக்காரர் சாக்கடையைக் குனிந்து பார்த்தார். “அப்போ அவளோட ஜவ்வரிசி அவ்வளவுதானா?”

“போனாப் போகட்டும். தெருவுக்கு மூக்கு திரும்பக் கிடைக்கும்.”

“உனக்கு மூக்கு. அவ அழுவாய்யா. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து உருட்டினா.” கயிற்றைத் தோளிலிருந்து இறக்கினார். “சரி, பிடி. இந்தச் சனியனை முடிச்சிட்டுப் போறேன். அவ வர்றதுக்குள்ள குளிச்சிட்டு இருந்தாத்தான் பக்கத்துல உட்கார்ந்து தேத்த முடியும்.”

கொக்கி மாட்டி மூடியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. வழக்கமாக அவர் இறங்கியதும் பாட்டு வரும். வரவில்லை. கயிற்றைக் கட்டிக்கொண்டு, ஏணிப்படியில் கால் வைத்து இறங்கியவர்தான். வாளி இறக்கச் சொல்லிக் குரல் வர வேண்டிய நேரத்தில், இஸ்திரிக் கடைக்காரர் “ஏய்... ஏய்” என்று கத்தினார்.

எல்லோரும் ஓடினோம். இஸ்திரிக் கடைக்காரர் தானும் குழிக்குள் கால் வைக்கப் போனார். என் கடைச் சுமைக்காரர் அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். “நீயும் போனா உன்னை யாரு எடுக்கறது?” எல்லோருமாகக் கயிற்றை இழுத்தோம். அவ்வளவு கனம். மனிதர்கள் உயிரோடு இருக்கும்போது தங்கள் கனத்தில் பாதியைத் தாங்களே சுமக்கிறார்கள் என்பது இழுக்கிறவனுக்குத்தான் தெரியும்.

குழிக்காரரை இஸ்திரிக் கடை வாசலில் கிடத்தினோம். ஒருவர் நெஞ்சை அமுக்கினார், ஒருவர் முகத்தில் தண்ணீர் ஊற்றினார். அந்தச் சாக்கடைத் தண்ணீரையேதான், தெளிவாக இருந்ததே. அவர் எழுந்து மிச்சக் கூலி கேட்பார் என்று நான் நினைத்தேன். அங்கே நின்றவர்கள் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். விரலில் கிடந்த வெள்ளி மோதிரம் அடுப்புக் கரிபோலக் கறுத்திருந்தது. வெள்ளியை உரசிப் பார்த்தே வளர்ந்தவன் நான். தெருவுக்குள் வரும்போது பளிச்சென்று இருந்த வெள்ளி இப்படி ஒரு நிமிஷத்தில் கறுத்து நான் பார்த்ததில்லை.

அவள் தெருவின் மேல்முனையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். சாக்கடை ஓரமாகவே, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, அதன் வேகத்துக்கு நடந்து வந்தாள். எதிர்வீட்டு வாசலில் நின்று, “அக்கா, மொண்டுக்கோ, நான் தெளிய வச்ச தண்ணி” என்று சொல்வது எங்களுக்குக் கேட்டது. கூட்டத்தைப் பார்த்ததும் அதைப்பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். சிரித்தபடிதான் கூட்டத்தை விலக்கினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மேடம் பரீட்சையைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டார். மோதிரத்தைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார்.

“இன்னைக்கு என்ன சாயம்?”

“கருப்பு.”

“ஆசிட் ஊத்தினீங்களா?”

“நீங்கதானே ஊத்தச் சொன்னீங்க.”

மேடம் ஆஸ்பத்திரிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கருப்பில் இருக்கிற அந்தச் சரக்கும் ஆசிட்டும் சேர்ந்தால் விஷக் காற்று, அது கனமானது, மூடின குழியில் போய்ப் படுத்துக்கொள்ளும், முதலில் மூக்கைத்தான் மரத்துப்போகச் செய்யும் என்றெல்லாம் தரையைப் பார்த்துச் சொன்னார். “கருப்புன்னு ஒரு வார்த்தை. ஒரு போன்” என்றார். முதலாளி, “எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். இரண்டு பேரும் சொன்னது உண்மை. ஒருவருக்கு ஆசிட் தெரியும், ஒருவருக்குக் கருப்புத் தெரியும். இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொண்டது குழி ஒன்றுதான்.

அவள் அங்கேதான் நின்றாள். “விஷக் காத்து இருக்கட்டும் மேடம்” என்றாள். “நிறம் ஓடினா அவரு மூடியைத் தொடவே மாட்டாரு. நிறம்தானே இல்லாமப் போச்சு.”

மறுநாள் அதிகாரி வந்து, தண்ணீரைப் பிடித்துப் பார்த்து, பூட்டாமல் போனார்.

வீட்டில் அக்கா ஓட்டு மூட்டைகளையெல்லாம் கோழிக்காரனுக்கே கொடுத்துவிட்டாள். “என் கையால உரிச்சது” என்று தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். “உன்னைச் சொல்லலடி. உன்னைச் சொன்னா என் நாக்கு அழுகிப்போகும். எனக்கு இந்த நாத்தம் இனி ஆகாது.” சுவருக்கு அந்தப் பக்கம் நுரைக்கிற சத்தம் நின்றது. என் சிட்டைத் தாள்கள் சுருளவில்லை.

பட்டறையில் உருண்டை தீர்ந்தது. ஒரு நாள் முதலாளி என் கடைக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றார். “நீங்க வாங்க. நான் தனியாப் போனா அந்தக்கா விளக்குமாத்தை எடுப்பா” என்றார். பேரத்துக்கு நடுவில் நிற்பது எங்களுக்குப் பரம்பரைத் தொழில். போனேன்.

சாவுக்கான தொகையைப் பற்றி ஏற்கெனவே பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அதில் அவள் வாயே திறக்கவில்லை, சொன்னதை வாங்கிக்கொண்டாள். அவளா இது என்று எனக்கு ஆச்சரியம், தராசு முள்ளைக் குனிந்து பார்த்தவள்.

“மேடம் எல்லாம் மாத்திட்டாங்கம்மா” என்று முதலாளி ஆரம்பித்தார். “கருப்பை இனி எடுக்கறதில்லை. ஆசிட்டைப் பூட்டி வச்சிருக்கு, அவங்க வந்தாத்தான் திறக்கும். கொட்டகையும் போட்டாச்சு. நீ வந்தாப் போதும். இன்னொரு ஆளுக்கு... அண்ணியை வேணும்னா வச்சுக்கோ.”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வர்றேன்” என்றாள் அவள். “உருண்டை செய்யறேன். தண்ணியைத் தெளிய வைக்கறேன். ஆனா தெளிஞ்ச தண்ணி வெளிய போற இடத்துல, பட்டறை ஓடற நாளெல்லாம் ஒரு கை சிவப்பு போடணும்.”

முதலாளிக்குப் புரியவில்லை. “எதுக்கு?”

“தெரு பார்க்கறதுக்கு.”

“ஏம்மா, சாயத்தை எடுக்கத்தானே உனக்குச் சம்பளம்? எடுத்துட்டுத் திரும்பப் போடறதுக்கா?”

“ஆமா.”

“ஒரு பலகை எழுதி மாட்டிடறேன். பட்டறை ஓடுகிறது, மூடி திறக்காதே. பெரிய எழுத்துல.”

“அவருக்குப் படிக்கத் தெரியாது.”

அவர் இல்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“சரி, சிவப்புக் கொடி. கம்பத்துல ஏத்தி விடறேன்.”

“ஏத்தறவன் ஒரு நாள் மறப்பான். இறக்கறவன் ஒரு நாள் மறப்பான். அப்புறம் எந்த நாளும் பறக்கும், எவனும் பார்க்க மாட்டான். தண்ணி அப்படி இல்லை. நீங்க விட்டாத்தான் வரும், நிறுத்தினா நின்னுடும்.”

“அதிகாரி பார்த்தா?”

“அவரு குழாய்லதானே பிடிக்கிறாரு. நான் குழாய்க்கு இந்தப் பக்கம் போடறேன்.”

“என் சாயமாச்சே. கிலோ என்ன விலை தெரியுமா உனக்கு?”

“தெரியும். உங்க தொட்டியிலேருந்து அவ்வளவும் எடுத்தவ நான்தானே.”

முதலாளி வியாபாரி. எந்த இடத்தில் தோற்றாலும் அளவில் ஜெயிக்கப் பார்க்கிற ஜாதி நாங்கள். “சரி, அரைக் கை” என்றார்.

“ஒரு கை.”

“ஒரு கைன்னா யார் கை? அளவு இல்லாம எப்படி?”

அவள் தன் கையை விரித்துக் காட்டினாள். காஸ்டிக்கில் வெந்து, ரேகை அழிந்து, தோல் புதிதாக முளைத்துக்கொண்டிருந்த கை. “இதுதான் அளவு” என்றாள்.

என் வாழ்நாளில் எத்தனையோ பேரம் பார்த்திருக்கிறேன். விலை படிந்ததும் இரண்டு பக்கமும் முகத்தில் ஒரு சின்ன சந்தோஷம் வரும், தோற்றவனுக்குக்கூட வரும். அன்றைக்கு யாருக்கும் வரவில்லை. முதலாளி தலையாட்டிவிட்டு எழுந்தார். அவர் போன பிறகு அக்கா கேட்டாள்: “இதைக் கேக்கறதுக்கா இத்தனை நாள் பேசாம இருந்தே? தொகையைக் கூட்டிக் கேட்டிருக்கலாமே.”

“அது அவங்க கொடுக்கறது அண்ணி. இது நான் வாங்கறது.”

இப்போது காலையில் முதல் தொட்டி திறக்கிறபோது அவள் பட்டறைச் சுவரைச் சுற்றிக்கொண்டு வெளியே வருகிறாள். குழாயின் வாய்க்குக் கீழே குனிந்து, கையிலிருப்பதைத் தண்ணீரில் கரைத்துவிட்டு, அங்கேயே கையை அலசிக்கொண்டு உள்ளே போகிறாள். கொஞ்ச நேரத்தில் என் கடையைத் தாண்டி இளஞ்சிவப்பாக ஓடுகிறது. எதிர்வீட்டில் வாளி உள்ளே போகிறது. இஸ்திரிக் கடைக்காரர் மூடியின்மேல் வைத்திருக்கிற கல்லை ஒரு தரம் பார்த்துக்கொள்கிறார். மேடம் ஒரு முறை இதைப் பார்த்துவிட்டார். ஸ்கூட்டரை நிறுத்தினார், அவள் கையை அலசி முடித்ததும் கிளப்பிக்கொண்டு போனார். குழிக்கு வேறு ஆள் வருகிறார். சின்ன வயது, அவருக்கும் படிக்கத் தெரியாது. சிவப்பு ஓடினால் திரும்பிப் போய்விடுகிறார்.

கடை சாத்துவதற்கு முன் வரவு செலவை நேர் செய்து பார்ப்பது எங்கள் வழக்கம். என் கடைக் கணக்கு எப்படியோ நேராகிவிடுகிறது. இதையும் ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். தண்ணீரில் வந்தது, ஒரு தொட்டிக் கருப்பு. உருண்டை பிடித்தது, அத்தனையும். பட்டறைப் பின்புறம் மூட்டையில் கட்டிக் கிடக்கிறது, எடுத்துக்கொள்ள ஆளில்லை. அதிகாரிக்குச் சேர்ந்தது, ஒரு தம்ளர் தெளிவு. முதலாளிக்குச் சேர்ந்தது, பூட்டாத கதவு. தெருவுக்குச் சேர்ந்தது, நாளுக்கு ஒரு கைச் சிவப்பு. அவளுக்குச் சேர்ந்தது, இரண்டு ஆளுக்கான கொட்டகை. அதில் வேலைக்கு வந்திருப்பது ஒரு ஆள். பாக்கி ஒன்று.